ஆறு மூலைப் பளிங்கு

மதலேனாவுக்கு மாத்தளை டவுனில் மதிக்கிறதற்கு ஒரு ஆள் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிற தனியார் லேப்பில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். ஊராருடைய இரத்தமும் மூத்திரமும் சளியும் அவள் மேசைக்கு வந்துதான் ஆகவேண்டும். சீனி தொடுவதே இல்லை என்று சத்தியம் பண்ணுகிறவனுடைய சீனி எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். குடியை விட்டுவிட்டேன் என்கிறவனுடைய ஈரல் என்ன சொல்கிறது என்று தெரியும். அதனால் யார் எதைச் சொன்னாலும் அவளுடைய உதடு லேசாக ஒரு பக்கம் கோணும். பதில் அவ்வளவுதான்.

முதலாளி ரொஹானைக் கண்டால் அந்த உதடு இன்னும் கொஞ்சம் கோணும். லேப்பை ஆரம்பித்தது அவனுடைய அப்பா. அவர் போன பிறகு, கொழும்பில் ஏதோ நிர்வாகப் படிப்பு முடித்துவிட்டு ரொஹான் வந்து உட்கார்ந்தான். நோயாளியை 'கஸ்டமர்' என்பான். ஆறு வருடத்துக்கு முன்னால் மூத்திரம் சோதிக்கிற மெஷின் ஒன்றை வாங்கி, முத்துமாரியம்மன் கோயிலில் அதற்கு அர்ச்சனை செய்து, பொட்டு வைத்துக் கொண்டுவந்து வைத்தான். அந்த மெஷினுக்கு ஒரு காகிதப் பட்டையின் நிறம் பார்க்க மட்டும்தான் தெரியும். "கலர் பாக்கிற பெட்டிக்குக் கற்பூரம் காட்டுறான்" என்று மதலேனா அன்றைக்கே சொன்னாள்.

அவளுடைய இளக்காரத்தில் பெரிய பங்கு டொக்டர் புவனேந்திரனுக்கு. சனிக்கிழமை தோறும் கண்டியிலிருந்து வந்து மாடி அறையில் உட்காருகிற சத்திரசிகிச்சை நிபுணர். ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம். ரிப்போட்டை வாங்கிக் குப்புறப் போட்டுவிட்டு மருந்து எழுதுவார். நோயாளியின் முகத்தைப் பார்த்தால் அதிகக் காசு கேட்கவேண்டி வரும் என்று பயப்படுகிறவர் போல மேசையைப் பார்த்தே பேசுவார்.

ஒரு புதன்கிழமை பின்னேரம் இடி இறங்கி மெஷின் செத்துப்போனது. வியாழன் காலையில் ரொஹான் கம்பனிக்காரனுக்குப் போன் மேல் போன் எடுத்துக்கொண்டிருக்க, மதலேனா ஒரு மாதிரியான சந்தோஷத்தோடு மூலையில் கிடந்த மைக்ரோஸ்கோப்பின் உறையை உருவினாள். பெட்டி இல்லாமல் வேலை எவ்வளவு ஒழுங்காக நடக்கும் என்று அவனுக்குக் காட்டவேண்டும்.

அன்றைக்கு வந்த முதல் போத்தல் சதீஸ்குமாருடையது.

அவனை அவளுக்குத் தெரியும். ஹார்ட்வெயார் கடை லொறி ஓட்டுகிறவன், இருபத்து நாலு வயது, தலை நிறையச் சுருட்டை முடி. பதினாலு வயதிலிருந்து சிறுநீரகக் கல். மூன்று முறை கல் எடுத்தாயிற்று, நான்காவது முறை இப்போது வலிக்கிறது. எப்போது வந்தாலும் அம்மா தங்கம்மாவும் கூட வருவாள், கையில் பிளாஸ்டிக் பை நிறையப் பழைய ரிப்போட்டுகள். அவளும் சும்மா இருக்கவில்லை. வாழைத்தண்டுச் சாறு பிழிந்து கொடுத்தாள். யட்டவத்தச் சந்தையில் ஒலிபெருக்கி கட்டிக் கல் கரைக்கிற கஷாயம் விற்கிறவனிடம் மூன்று போத்தல் வாங்கிக் கொடுத்தாள். டொக்டர் புவனேந்திரன் கல்சியம் கல் என்று சொன்ன நாளிலிருந்து தக்காளியும் கீரையும் வீட்டுக்குள் வரவிடவில்லை.

"அந்தக் கஷாயம் குடிச்சுக் கல்லு கரைஞ்சுதா?" என்று மதலேனா ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"கொஞ்சம் கரைஞ்ச மாதிரித்தான் இருந்திச்சு மிஸ்."

"கரைஞ்சது உங்க காசு."

அன்றைக்கு அவள் மூத்திரத்தைக் குழாயில் ஊற்றிச் சுழலவிட்டு, அடியில் தங்கியதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். கண்ணை எடுக்கவில்லை.

ஆறு மூலை. நிறமே இல்லாத, தட்டையான, ஒழுங்காக வெட்டிய ஆறு மூலைத் துண்டுகள். குளியலறைத் தரைக்குப் பதிக்கிற ஓடுகளை யாரோ அள்ளிக் கொட்டிவிட்டுப் போன மாதிரி, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. டிப்ளோமா படிக்கிற காலத்தில் புத்தகத்தில் ஒரு படமாகப் பார்த்ததோடு சரி, அபூர்வமான ஒரு கல்லின் பளிங்கு. சிஸ்டைன்.

யூரிக் அமிலமும் எப்போதாவது ஆறு மூலை வேஷம் போடும் என்று அவளுக்கு நினைவிருந்தது. தகட்டின் ஓரத்தில் நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டாள். யூரிக் என்றால் அப்படியே கிடக்கும். இவை ஓரம் மழுங்கி, மெலிந்து, கண்ணெதிரே காணாமற் போயின. இன்னொரு தகட்டில் திரும்பவும் செய்து பார்த்தாள். திரும்பவும் போயின.

வெளியே வந்து சதீஸ்குமாரைக் கூப்பிட்டாள். அவன் போனிலிருந்து தலையை எடுக்காமலே எழுந்து வந்தான்.

"கடைசியா கல்லு உடைச்சப்ப முழிப்பா இருந்தியா?"

"முதுகுல ஊசி போட்டாங்க மிஸ். முழிப்புத்தான்."

"அந்த நேரம் ஏதாவது மணம் வந்திச்சா?"

அவன் இப்போது தலையை எடுத்தான். சிரித்தான். "கூமுட்ட நாத்தம் மிஸ். யாருடா இங்க முட்ட உடைச்சதுன்னு டொக்டர் கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான்தான் எதையோ விட்டுட்டேன்னு நெனைச்சு எனக்கு வெக்கமாப் போச்சு."

மதலேனாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. கந்தகம். சிஸ்டைன் கல்லில் அதை உடைக்கிற லேசர் பட்டால் கந்தகம்தான் நாறும். அந்த மனிதர் மூக்கால் மோந்து, அதை வைத்து ஒரு பகிடியும் விட்டு, பிறகு கல்சியம் கல் என்று எழுதியிருக்கிறார்.

"மூக்கு இருந்திருக்கு" என்றாள் தனக்குத்தானே. "அதுக்கு மேல ஒண்ணுமில்ல."

ரிப்போட் போடுவதற்குக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். பளிங்கு என்ற கட்டத்தைத் தொட்டால் நான்கு பெயர்கள் விழும், ஐந்தாவதாக 'இல்லை' என்று விழும். சிஸ்டைன் அந்த வரிசையில் கிடையாது. கையால் எழுதப் போனால் கட்டம் விடாது.

"ரொஹான் தம்பி, இதுல சிஸ்டைன் இல்ல."

"அப்படின்னா கல்சியம் ஒக்சலேட்ல போட்டு விடுங்க மிஸ்."

"இது கல்சியம் ஒக்சலேட் இல்ல."

"லிஸ்ட்ல இல்லாத வியாதி வந்தா நான் என்ன செய்ய? சொஃப்ட்வெயார்காரன் மெஷின் திருத்த வர்றப்ப கேட்டுப் பாக்கலாம்."

மதலேனா கம்ப்யூட்டரை விட்டு எழுந்தாள். வெறும் கடதாசியில் கையால் எழுதி, சிவப்பு மையால் கோடு போட்டு, கையெழுத்து வைத்து, சதீஸ்குமாரிடம் கொடுத்தாள்.

சனிக்கிழமை அந்தக் கடதாசி திரும்பி வந்தது. சிவப்புக் கோட்டின்மேல் நீல மையால் ஒரு குறுக்குக் கோடு. தங்கம்மா கீழே வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள். "லேப் மிஸ் எப்பயிருந்து டொக்டர் ஆனாங்கன்னு கேட்டாரு மிஸ். அடுத்த மாசம் மறுபடி உடைக்கணுமாம்."

புதிதாக ஒரு சொட்டு எடுத்து வைத்த தகட்டோடு மதலேனா மைக்ரோஸ்கோப்பைத் தூக்கி இடுப்பில் அணைத்துக்கொண்டாள். அது ஒரு கைக்குழந்தை கனம் இருக்கும். மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கதவைத் தட்டாமல் உள்ளே போய், டொக்டருடைய மேசையில், அவருடைய இடியப்பப் பார்சலுக்குப் பக்கத்தில் அதை இறக்கினாள்.

"என்ன இது?"

"ஒரு நிமிஷம் பாத்தீங்கன்னா போதும் டொக்டர். சிஸ்டைன்."

அவர் முதல்முறையாக ஒரு ஆளை நிமிர்ந்து பார்த்தார். "மிஸ், நான் பதினேழு வருஷமா கல்லு எடுக்கிறேன். சிஸ்டைன் கல்லு நூத்துல ஒண்ணுதான் வரும்."

"நூத்துல ஒண்ணுன்னா, அந்த ஒண்ணு யாருக்காவது வந்துதானே ஆகணும்?"

"எனக்கு வெளிய முப்பத்தெட்டுப் பேர் இருக்காங்க. நீங்க ரத்தம் எடுங்க. நோய் என்னன்னு நாங்க பாத்துக்கிறோம்."

அவர் குனியவே இல்லை. ஒரு சாண் தூரம். கழுத்தை அவ்வளவு வளைத்திருந்தால் போதும்.

படியிறங்கும்போது மதலேனாவுக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் இனிப்பாக ஒன்று ஊறியது. இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தோம் என்று தோன்றியது. தங்கம்மாவிடம் சொன்னாள்: "இந்த மனுசன்கிட்ட இனிப் போகவேணாம். திங்கக்கிழமை கண்டிக்குப் போவோம். நானும் வாறேன்."

"உங்களுக்கு வேல இருக்குமே மிஸ்?"

"இருக்கட்டும்."

வஹகோட்டைத் தேவாலயத் திருநாளுக்குத் தவிர வேறு எதற்கும் அவள் லீவு போட்டதில்லை. இப்போது போட்டாள். சதீஸ்குமாருக்காக என்று தங்கம்மா நினைத்து நன்றி சொன்னாள். உண்மையில் படித்த ஒரு வாய், புவனேந்திரன் முட்டாள் என்று சொல்வதைக் காதால் கேட்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை.

கண்டிக் கிளினிக்கில் டொக்டர் அம்றா என்று ஒரு பெண். முப்பது வயதைத் தாண்டியிருக்காது. மதலேனா எழுதிய கடதாசியை முழுதாக வாசித்தாள். புதிதாக மூத்திரம் எடுக்கச் சொல்லி, தானே உள்ளே போய் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தாள்.

"சரியாத்தான் பாத்திருக்கீங்க" என்றாள் மதலேனாவிடம். மதலேனா தலையை லேசாக அசைத்தாள், இதைப் போய் நீ சொல்லவேண்டுமா என்பது போல. ஆனால் காது சூடாகிவிட்டது.

அம்றா சதீஸ்குமாரின் பக்கம் திரும்பினாள். "முட்டை, இறைச்சி, பருப்பு எல்லாத்துலயும் சிஸ்டீன்னு ஒரு சாமான் இருக்கு. ஒடம்புக்கு ரொம்ப வேண்டியது. உங்க முடி இவ்வளவு சுருளா இருக்கே, அந்தச் சுருளைப் பிடிச்சு வச்சிருக்கிறதே அதுதான். நகம் கெட்டியா இருக்கிறதும் அதாலதான். ஒவ்வொரு சிஸ்டீனுக்கும் கந்தகத்துல ஒரு கை இருக்குன்னு வைங்க. ரெண்டு பேர் கைகோத்துக்கிட்டா அதுக்குப் பேர் சிஸ்டைன். மத்தவங்க கிட்னி அத வெளிய விடாம ஒடம்புக்கே திருப்பி எடுத்துக்கும். உங்க கிட்னிக்கு அந்த வேல தெரியாது. பொறந்ததுல இருந்தே தெரியாது. எல்லாத்தையும் மூத்திரத்துல விட்டுடுது. அங்க அது கரையாமப் பளிங்காகி, கல்லாகுது."

"தக்காளி?" என்றாள் தங்கம்மா.

"தக்காளிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்களும் உங்க வீட்டுக்காரரும் சொந்தமா?"

"மாமா மகன்தான்."

"ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்திருக்கு. உங்க சமையல்ல ஒரு குத்தமும் இல்லம்மா."

தங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உன் சாப்பாட்டில்தான் பிள்ளைக்குக் கல் வருகிறது என்று புருஷன் வீட்டார் பத்து வருடமாக அவளைக் குத்திக் காட்டியிருக்கிறார்கள்.

மருந்து சுலபம்தான். ஒரு நாளைக்கு நாலு லீற்றர் தண்ணீர், லொறியை நிறுத்தி நிறுத்தியாவது. உப்பும் இறைச்சியும் குறைக்கவேண்டும். மூத்திரத்தின் புளிப்பை எடுப்பதற்குப் பொட்டாசியம் சிட்ரேட். அதற்கும் அடங்காவிட்டால், கோத்த கந்தகக் கையை வெட்டிவிடுகிற மாத்திரை ஒன்று இருக்கிறது. அம்றா அவர்கள் கொண்டுவந்திருந்த ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பார்த்தாள். அப்போதுதான் அவள் முகம் மாறியது.

"இடது பக்கம் கிட்னி சுருங்கிப் போச்சு. அஞ்சுல ஒரு பங்குதான் வேல செய்யுது. பத்து வருஷம் கல்லு அடைச்சு அடைச்சு." பிளாஸ்டிக் பையைக் கையால் காட்டினாள். "அந்தப் பழைய ரிப்போட்டெல்லாம் தாங்க."

ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முதலில் நிதானமாக, பிறகு வேகமாக.

"பதினொரு ரிப்போட். பளிங்கு இல்ல, பளிங்கு இல்ல, பளிங்கு இல்ல. பாருங்க, இத எழுதக்கூட இல்ல, ரப்பர் சீல் அடிச்சிருக்கு! பதினொரு தடவையும் இல்லாம இருந்திருக்க வழியே இல்ல. ஒரே ஒரு தடவ கண்ணை வச்சுப் பாத்திருந்தாப் போதும், இந்தக் கிட்னி மிஞ்சியிருக்கும். பாக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கு. யாரு இந்த முட்டாள்?"

சதீஸ்குமார் எட்டி, கடதாசியின் அடியில் இருந்த கையெழுத்தை வாசித்தான். "எம். மதலேனா" என்றான். பிறகு திரும்பிப் பார்த்தான்.

"நான்தான்" என்றாள் மதலேனா.

அந்த ரப்பர் சீலை டவுனில் ஒரு கடையில் ஓடர் கொடுத்துச் செய்வித்ததும் அவள்தான். சனிக்கிழமைகளில் ஐம்பது போத்தல் வரும். ஐம்பதையும் சுழற்றி, ஐம்பது தகடு வைத்து, ஐம்பது முறை கண்ணை வைத்து எழுதி அனுப்பினால், மாடியில் ஒருவர் அதைக் குப்புறப் போட்டுவிட்டு மருந்து எழுதுவார். எந்த மடையன் வாசிக்கப் போகிறான் என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. அன்றைக்குத்தான் சீல் செய்யக் கொடுத்தாள். மெஷின் வந்த பிறகு சீலுக்கும் வேலை இல்லாமல் போனது. மெஷின் அச்சடித்ததை அடுக்கி வைத்துக் கையெழுத்துப் போட்டாள். சதீஸ்குமாருடைய ஆறு மூலைகள் பத்து வருடமாக அவளுடைய கைகளைத் தாண்டித்தான் கழுவுதொட்டிக்குப் போயிருக்கின்றன.

அம்றா அவளை ஒரு கணம் பார்த்தாள். பேப்பரில் சுற்றியிருந்த மீனைப் பிரித்து, நாறுகிறது என்று தெரிந்தவுடன் பார்க்கிற பார்வை. பிறகு தங்கம்மாவிடம் மட்டும் பேசினாள். வீட்டில் வேறு பிள்ளைகள் இருந்தால் சோதிக்கவேண்டும் என்றாள்.

திரும்புகிற பஸ்ஸில் தங்கம்மா மகனோடு முன்னால் உட்கார்ந்தாள். மதலேனா பின்சீட்டில். கட்டுகஸ்தோட்டை போனது, அக்குறணை போனது. மாத்தளையில் இறங்கியதும் தங்கம்மா நின்றாள்.

"அந்த டொக்டர் ரிப்போட்டப் பாக்கிறதில்ல, பாக்கிறதில்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களே மிஸ். அவரு பாக்காமப் போனாரு, சரி. பாத்திருந்தாலும் அதுல என்ன இருந்திச்சு?"

பதிலுக்குத் தங்கம்மா நிற்கவில்லை. மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு சனத்துக்குள் போய்விட்டாள்.

மறுநாள் மதலேனா பழைய பதிவுப் புத்தகங்களை இறக்கினாள். கல் என்று திரும்பத் திரும்ப வந்தவர்கள் ஏழு பேர் தேறினார்கள். ஒவ்வொருவருக்காகப் போன் எடுத்து, மறுபடியும் ஒரு போத்தல் கொண்டுவரச் சொன்னாள்.

ரொஹானுக்கு முகம் கறுத்தது. "நம்ம லேப் தப்பு விட்டிச்சுன்னு நாமளே போன் பண்ணிச் சொல்றதா? பைத்தியமா மிஸ் உங்களுக்கு?"

"லேப் தப்பு விடல்ல தம்பி. நான் விட்டேன். பேரச் சொல்லித்தான் சொல்றேன்."

ஏழு பேரில் மூன்று பேர் வந்தார்கள். மூவரிடமும் சிஸ்டைன் இல்லை. ஒருவருக்குக் கல்சியம் ஒக்சலேட், அஞ்சல் உறை மாதிரி குறுக்குக் கோடு போட்ட சின்னச் சின்னப் பெட்டிகள். மற்ற இருவருக்கும் ஒன்றுமில்லை. 'பளிங்கு இல்லை' என்று இந்தத் தடவை பார்த்துவிட்டு எழுதினாள். எழுதும்போது கை நிதானமாக இருந்தது, மனம் இல்லை. வராத நாலு பேருக்குத் திரும்பவும் போன் எடுத்தாள். ஒருவர் இறந்து இரண்டு வருடமாகிறது என்றார்கள். எதனால் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் தங்கம்மா லேப்புக்குள் வந்தாள். பின்னால் அவளுடைய மகள் சிவநந்தினி, பத்தொன்பது வயது, அண்ணனுடைய அதே சுருட்டை முடி. தங்கம்மா ஒரு கடதாசியை மேசைமேல் போட்டாள். டவுனில் இன்னொரு லேப்பின் பெயர் இருந்தது.

"உங்ககிட்ட வரக்கூடாதுன்னுதான் வேற எடத்துக்குப் போனேன். இவளுக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

மதலேனா வாங்கிப் பார்த்தாள். தங்கள் மெஷின் மாதிரியே ஒரு மெஷின் அச்சடித்தது. பளிங்கு இல்லை. கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து.

"இதுவும் ஒங்கள மாதிரி ஒரு ஆளு வச்ச கையெழுத்துத்தானே?" என்றாள் தங்கம்மா. "எனக்கு இனிக் கடதாசி வேணாம். அந்தக் கண் வைக்கிற குழாயில நானே பாக்கணும்."

ரொஹான் குறுக்கே வந்தான். "உள்ள பேஷன்ட்ஸ் வரக்கூடாது அம்மா."

"தம்பி, நீங்க போங்க" என்றாள் மதலேனா. அவளுடைய குரலைக் கேட்டு அவன் போனான்.

சிவநந்தினியின் போத்தலை வாங்கி, குழாயில் ஊற்றி, சுழலவிட்டு, சொட்டை எடுத்து வைத்தாள். தங்கம்மா அவளுடைய ஒவ்வொரு கையசைவையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள், களவெடுக்கிறவளைக் காவல் காக்கிற மாதிரி. மதலேனா முதலில் கண்ணை வைத்தாள். கூர்மை சரிசெய்தாள். பிறகு ஸ்டூலிலிருந்து எழுந்து வழிவிட்டாள்.

தங்கம்மாவுக்கு ஒரு கண்ணை மூடத் தெரியவில்லை. உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

"ஓடு பதிச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

"ஆமா."

"ஆறு மூல."

"ஆமா. அதுதான்."

தங்கம்மா நிமிரவில்லை. குனிந்தபடியே கேட்டாள்: "இதையா பத்து வருஷமா காணலன்னீங்க?"

மதலேனாவுக்குச் சொல்வதற்கு எத்தனையோ இருந்தன. சனிக்கிழமை ஐம்பது போத்தல், மாடியில் குப்புறக் கிடக்கிற ரிப்போட், கற்பூரம் காட்டிய பெட்டி. எதையும் சொல்லவில்லை.

தங்கம்மா எழுந்தாள். கண் சிவந்திருந்தது, அழுததாலா பொத்தியதாலா தெரியாது. வாசலில் பயந்துபோய் நின்ற மகளிடம் தன்னுடைய பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் திறந்து நீட்டினாள்.

"குடி."

"என்னம்மா இருக்கு? எனக்கும் இருக்கா?"

"இருக்கு. ஒனக்கு இன்னும் கல்லு வரல்ல. குடிச்சா வராது. குடி."

சிவநந்தினி குடித்தாள். மதலேனா மேசையில் உட்கார்ந்து, வெறும் கடதாசி ஒன்றை எடுத்து, கண்டி டொக்டருக்குக் கையால் எழுதத் தொடங்கினாள். தங்கம்மா தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் கையெழுத்து விழுகிறவரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.